பத்தடி உயர்த்திய தொட்டி

ஜார்ஜ் ஸ்டீபன்சனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது ஒரே வரிதான், ரயிலைக் கண்டுபிடித்தவர். அந்த வரியும் சரியில்லை. தண்டவாளத்தில் ஓடும் நீராவி வண்டியை அவருக்கு முன்பே, 1804-லேயே, ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் வேல்ஸில் ஓட்டிக் காட்டிவிட்டார். ராக்கெட் என்ற அந்தப் புகழ்பெற்ற எஞ்சினில்கூட மகன் ராபர்ட்டின் உழைப்புதான் அதிகம். இதையெல்லாம் சொல்லி அந்த மனிதரைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நான் அவருடைய பரம ரசிகன். ஆனால் என்னை ரசிகனாக்கியது ஒரு பம்பு. முப்பது வயதில், சுரங்கத்துக்கு வெளியே யாருக்கும் பெயர் தெரியாத ஒரு கூலிக்காரராக இருந்தபோது, வேறு யாரோ கட்டி, ஏறக்குறைய ஒரு வருஷமாக யாராலும் ஒழுங்காக ஓட்ட முடியாமல் கிடந்த ஒரு பம்பு எஞ்சினைப் பிரித்து நாலைந்து நாளில் சுரங்கத்தைக் காயவைத்தார். கோவைப் பக்கம் பம்புசெட் சர்வீஸ் தொழிலில் வயிறு கழுவுகிறவன் என்பதால் எனக்கு அந்தக் கதை ரயிலைவிட நெருக்கம். அதைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஆளைப் பற்றி. 1781 ஜூன் 9, இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலுக்குப் பக்கத்தில் வைலம் என்ற நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், வாரத்துக்கு 12 ஷில்லிங் கூலி, ஆறு பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறை. பள்ளிக்கூடம் என்ற பேச்சே எழவில்லை. பையன் நாளுக்கு 2 பென்னிக்கு மாடு மேய்த்தான், அப்புறம் வெட்டியெடுத்த கரியிலிருந்து கல் பொறுக்கினான், 14 வயதில் அப்பாவுக்கே உதவியாளாக நெருப்புப் போட்டான். 17 வயதில் நியூபர்ன் என்ற இடத்தில் ஒரு பம்பு எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அதே எஞ்சினில் அப்பா நெருப்புப் போடுகிறவர், மகன் அவருக்கு மேலே! அந்த வேலைக்கு அங்கே பிளக்மேன் என்று பெயர். சுரங்கத்தில் தண்ணீர் மட்டம் இறங்கி பம்பின் உறிஞ்சு துளைகள் வெளியே தெரிய ஆரம்பித்தால் காற்றை இழுத்துவிடும், தண்ணீர் வராது. அப்போது உள்ளே இறங்கிப் போய் அந்தத் துளைகளை அடைத்துவிட்டு வர வேண்டும். நம் ஊர்க் கிணற்று மோட்டார் 'ஏர் பிடிப்பது' இருக்கிறதே, அதே தொந்தரவுதான், இருநூறு வருஷத்துக்கு முன்னால், இருட்டில்.

எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தது 18 வயதுக்கு அப்புறம். ராத்திரிப் பள்ளிக்கு வாரம் மூன்று நாள், கட்டணம் 3 பென்னி. 19 வயதில் தன் பெயரைத் தானே எழுதப் பழகிவிட்டார். ராத்திரி வகுப்பில் கொடுத்த கணக்கைப் பகலில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து போடுவாராம்.

இந்த இடத்தில்தான் வாட்ஸப்பில் வரும் தன்னம்பிக்கைக் கட்டுரைகள் 'பார்த்தீர்களா, படிக்காமலே சாதித்தார்' என்று தாவிவிடும். இடையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் என்ன ஆனது? எனக்கு ருசியாக இருப்பதே அந்த வருஷங்கள்தான்.

அந்த வருஷங்களில் செருப்புத் தைத்தார், சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் காசு வரட்டும் என்று. ஒரு முறை வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து, அக்கம்பக்கத்தார் ஊற்றிய தண்ணீரும் புகைக்கரியும் சேர்ந்து வீட்டுக் கடிகாரத்தை நிறுத்திவிட்டன. கடிகாரக்காரரிடம் கொடுக்கக் காசில்லை, தானே பிரித்துத் துடைத்து ஓடவைத்தார். அதிலிருந்து சுற்றுவட்டாரத்துக் கடிகாரமெல்லாம் இவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. 1804-ல் கில்லிங்வொர்த் சுரங்கத்துக்கு மாறினார். அங்கே அவர் வேலை, ஆட்களையும் கரியையும் மேலேற்றும் எஞ்சினுக்குப் பிரேக் பிடிப்பது. சனிக்கிழமை மதியம் மற்றவர்கள் குடிக்கவோ சேவல் சண்டை பார்க்கவோ போய்விட, இவர் தன் எஞ்சினைப் பிரித்து, துடைத்து, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார். வாரம் தவறாமல். நம் ஜி. டி. நாயுடுவும் வெள்ளைக்காரர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கியதும் செய்த முதல் காரியம் அதைப் பிரித்துப் போட்டதுதான் என்பது கோவைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்த மாதிரி ஆட்களுக்கு ஓடுகிற எஞ்சினைப் பிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கெட்டுப்போன எஞ்சினை எல்லாரும்தான் பிரிக்கிறோம், நன்றாக ஓடும்போது அது எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்தவன்தான் கெட்டுப்போனதும் எது மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

அதே காலத்துக் கதை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, கயிறு. கில்லிங்வொர்த்தின் வெஸ்ட் மூர் குழியில் ஏற்றி இறக்கும் கயிறு ஒரே மாதத்தில் தேய்ந்து போனது. பக்கத்துச் சுரங்கங்களில் அதே மாதிரிக் கயிறு மூன்று மாதம் வரும். கயிறு மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். இவர் கயிறு எங்கே உரசுகிறது என்று தேடினார், கப்பிகள் இருந்த இடம் சரியில்லாததால் பக்கவாட்டில் உரசிக்கொண்டே இருந்தது தெரிந்தது, அவற்றை மாற்றி அமைத்தார், தேய்மானம் குறைந்தது.

இரண்டாவது, மணல். மனைவி இறந்த பிறகு ஒரு வருஷம் போல ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸ் என்ற ஊரில் ஒரு நூற்பு ஆலையின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளப் போனார், போனதும் வந்ததும் நடந்தே. அங்கே கிணற்றில் தண்ணீரோடு மணலும் ஏறி, பம்பு அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் தோல் வால்வெல்லாம் அறுத்துப் போகும். நம் ஊர் போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவர் என்ன செய்தார் என்றால், பன்னிரண்டு அடி உயரத்தில் மரத்தால் ஒரு நீளமான கூடு செய்து கிணற்றுக்குள் இறக்கி, பம்பின் அடிமுனையை அதற்குள் வைத்துவிட்டார். இப்போது தண்ணீர் அந்தக் கூட்டின் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்துதான் உள்ளே வர முடியும், மணல் வெளியே அடியிலேயே தங்கிவிடும். ஒரு பல்சக்கரம் கிடையாது, புதிதாக ஓர் இரும்புத் துண்டுகூடக் கிடையாது. மணலைத் தடுக்க வலை கட்டத்தான் நமக்கெல்லாம் முதலில் தோன்றும். அவருக்கு, மணல் தானாகவே கீழே போகிற சரக்குதானே, போகவிட்டால் போச்சு என்று தோன்றியிருக்கிறது.

28 பவுண்டு சேமித்துக்கொண்டு ஊர் திரும்பினால், எஞ்சினுக்குள் வேலை செய்துகொண்டிருந்த அப்பா மீது யாரோ தெரியாமல் நீராவியைத் திறந்துவிட்டு, அவருக்குக் கண் பார்வை போய்விட்டிருந்தது. சேமிப்பில் பாதிக்கு மேல் அப்பாவின் கடனுக்குப் போனது. போதாததற்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் இவர் பெயர் விழ, பதிலுக்கு வேறொருவரை அனுப்ப மிச்சக் காசும் கரைந்தது. அமெரிக்கா போய்விடலாம் என்று யோசித்தார், கப்பலுக்குக் காசில்லை. நல்லவேளை.

இனி பம்புக்கு வருகிறேன். 1810-ல் கில்லிங்வொர்த்தில் ஹை பிட் என்று ஒரு புதுக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர். அதை இறைக்க, நியூகாமன் என்பவர் உருவாக்கிய வகை நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தினார்கள். ஓடியது, ஆனால் தண்ணீரை ஜெயிக்க முடியவில்லை. அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற எஞ்சின்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கைவைத்துப் பார்த்துத் தோற்றுப் போனார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே போனது, குழிக்குள் ஆள் இறங்க முடியவில்லை, போட்ட பணம் தண்ணீருக்குள்.

இந்த எஞ்சின் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நீராவி எஞ்சின் என்றதும் நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது என்று நினைப்போம். நியூகாமன் எஞ்சினில் தள்ளுவது நம்மைச் சுற்றி இருக்கும் காற்று. செங்குத்தாக நிற்கும் பெரிய சிலிண்டர், மேல்பக்கம் திறந்தே இருக்கும். பிஸ்டனைச் சங்கிலியால் ஒரு பெரிய உத்தரத்தின் ஒரு முனையில் கட்டியிருக்கும், உத்தரத்தின் மறுமுனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்புத் தண்டு. தண்டின் எடை தன் பக்கத்தைக் கீழே இழுக்க, பிஸ்டன் மேலே போகும், அடியில் நீராவி வந்து நிரம்பும். நீராவி வழியை மூடிவிட்டு, சிலிண்டருக்குள் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகிவிடும், ஆயிரத்து அறுநூறு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பங்காகச் சுருங்கிவிடும், உள்ளே ஏறக்குறைய வெற்றிடம். சுடச்சுடச் சோற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி ஆறவிட்டால் மூடி இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறதே, அதே சங்கதி. வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அமுக்கும், மறுமுனை பம்புத் தண்டைத் தண்ணீரோடு மேலே தூக்கும்.

ஆக, இந்த எஞ்சினின் பலம் முழுக்க அந்தப் பச்சைத் தண்ணீர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நன்றாக உள்ளே தெறித்து நீராவியை அணைக்கிறது என்பதில் இருக்கிறது. தண்ணீர் மந்தமாக வந்தால் நீராவி அரையும் குறையுமாகத்தான் அடங்கும், உள்ளே வெற்றிடம் முழுதாகாது, காற்றுக்கு அமுக்க வழியில்லை. சிலிண்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உத்தரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் இழுப்பு இருக்காது.

ஸ்டீபன்சனுக்கு அங்கே வேலையே இல்லை, அவர் வேறு குழியின் பிரேக்காரர். ஆனாலும் அடிக்கடி போய் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை, குழி தோண்டும் ஆள் ஒருவர், என்னப்பா நினைக்கிறாய், இதை ஏதாவது செய்ய முடியுமா என்று பேச்சுவாக்கில் கேட்க, ஒரு வாரத்தில் உங்களை அடித்தரையில் இறக்கிவிடுவேன் என்றாராம். பேச்சு சுரங்கத்து மேலதிகாரி ரால்ஃப் டாட்ஸ் காதுக்குப் போனது. எல்லாரும் கைவிட்ட கேஸ், இனி யார் கை வைத்தாலும் நஷ்டமில்லை என்ற நிலை. டாட்ஸ் அன்று சாயங்காலமே ஸ்டீபன்சனைத் தேடிப் பிடித்து, செய்து பார் என்றார்.

அதற்கு ஸ்டீபன்சன் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. ஆட்களை நான்தான் தேர்ந்தெடுப்பேன், ஏற்கெனவே இருக்கிறவர்கள் கூடாது. காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும், படித்த எஞ்சின்காரர்களோடு வேலை செய்த ஆட்கள் ஒரு பிரேக்காரன் சொல்லை மதித்துச் செய்ய மாட்டார்கள், பாதி மனசோடு செய்தால் கடைசியில் கெட்ட பேர் இவருக்கு. அந்நாட்டின் இரண்டு கட்சிகளின் பெயரைச் சொல்லி, வேலையாட்கள் எல்லாரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும், விக் என்றால் எல்லாரும் விக், டோரி என்றால் எல்லாரும் டோரி என்றாராம். பழைய ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார்கள். திறமையான மெக்கானிக் என்று எல்லாரும் கையைத்தான் புகழ்வார்கள், எனக்கு இந்த நிபந்தனைதான் முதல் ஆச்சரியம். முப்பது வயது ஆள், முதல் பெரிய வாய்ப்பு, 'சரிங்க ஐயா' என்று தலையாட்டிவிட்டு ஆரம்பித்திருந்தால் திங்கள்கிழமையே சிக்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பிரித்தார். என்னென்ன மாற்றினார் என்பது பதிவாகியிருக்கிறது. பச்சைத் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டியைப் பத்தடி உயர்த்தினார். அந்தத் தண்ணீர் உள்ளே வரும் குழாய்த் திறப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்கினார். அது திறந்தே கிடந்து சிலிண்டரைத் தேவைக்கு மேல் குளிர வைக்காதபடி, பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஆரம்பத்திலேயே சட்டென்று மூடிக்கொள்ளும்படி அமைத்தார். சிலிண்டர் தேவைக்கு மேல் நீளம் என்று பட்டதால் அடியில் மரத்துண்டுகளை அடைத்தார். பாய்லரை அதுவரை சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், இவர் அது தாங்கும் என்று பார்த்துவிட்டு 10 பவுண்டுக்கு ஏற்றினார்.

பத்தடி தண்ணீர் என்றால் சதுர அங்குலத்துக்கு நாலேகால் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் அழுத்தம் கூடும். மெதுவாக வழிந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது சீறிக்கொண்டு வரும், திறப்பும் பெரிது, நீராவி ஒரே அடியில் அடங்கும். அந்த ஒரு மாற்றத்துக்கு ஆன செலவு கொஞ்சம் மரமும் கொஞ்சம் குழாயும்தான். நான் இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் தொழிலிலும் இப்படித்தான், ஆயிரக்கணக்கில் செலவழித்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வருவார்கள், கடைசியில் கோளாறு ஒரு குழாயின் உயரத்தில் இருக்கும்.

பாய்லர் அழுத்தத்தை இரட்டிப்பாக்கியது மட்டும் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உறுத்தும். நியூகாமனும் சரி, அந்த வகை எஞ்சினை அளந்து அளந்து செம்மைப்படுத்திய ஸ்மீட்டனும் சரி, அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னதற்கு நேர் எதிர் அது. என்னிடம் வேலை பார்க்கும் பையன் யாராவது இப்படிச் செய்தால் திட்டித் தீர்த்துவிடுவேன். ஆனால் பதினாலு வயதிலிருந்து பாய்லர் பக்கத்திலேயே வாழ்ந்தவர், அந்தத் தகடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும், தாளில் எழுத முடியாத கணக்கு.

புதன்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். உத்தரம் தடதடவென்று வந்து இடிக்க, எஞ்சின் கட்டடமே அதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாட்ஸ், இதற்கு முன்பே தேவலையே, இது கட்டடத்தையே இடித்துவிடும் போலிருக்கிறதே என்று கத்தினாராம். புதிதாக வந்த இழுப்புக்குத் தகுந்த சுமை பம்பில் ஏறுவதற்குள் பிஸ்டன் தடுக்க ஆளில்லாமல் இறங்கி இடித்திருக்கும், இது என் ஊகம். கொஞ்ச நேரத்தில் சீராக ஓட ஆரம்பித்தது. அன்று ராத்திரி பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் மட்டம் அதுவரை இறங்காத அளவுக்கு இறங்கியிருந்தது. வியாழன் முழுக்க ஓடியது. வெள்ளி மதியம் குழி காய்ந்துவிட்டது. சொன்ன வாரம் முடிவதற்குள் ஆட்கள் அடித்தரையில் இறங்கினார்கள். டாட்ஸ் 10 பவுண்டு கொடுத்தார், ஸ்டீபன்சன் அதுவரை மொத்தமாகக் கையில் வாங்கியதில் அதுதான் பெரிய தொகை. அடுத்த வருஷம், 1812-ல், சுரங்கத்தின் எஞ்சின் பொறுப்பாளர் பதவி, வருஷத்துக்கு 100 பவுண்டு.

இதைப் படித்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. ஐந்து ஹெச்பி மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது, திறந்த கிணறு. காலையில் போட்டால் தண்ணீர் நன்றாகக் கொட்டும், கொஞ்ச நேரம் ஓடியதும் குறைந்து நின்றுவிடும், மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். ராத்திரி விட்டு மறுநாள் போட்டால் திரும்ப ஜோராக வரும். 'ஓடினால் கெடுகிறது, ஆறினால் சரியாகிறது' என்றால் சூடுதான் என்று வருகிறவர்கள் எல்லாரும் முடிவு கட்டினார்கள். காயில் மாற்றினார்கள், பேரிங் மாற்றினார்கள், சந்தேகத்துக்கு புட்வால்வும் மாற்றினார்கள். கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார், எட்டாவது தாண்டாதவர், எனக்குத் தொழிலில் மூத்தவர்.

"மோட்டார் சூடாயிருதோ என்னமோங்க" என்றார் தோட்டக்காரர்.

"மோட்டாரு நல்லாத்தானுங்க ஓடுது. தண்ணிதானுங்க நிக்குது. அப்ப மோட்டார எதுக்குங்க கழட்டோணும்?"

சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள் போகாமல் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஓடவிட்டார். தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கும்போது நிற்கிறது என்று கிணற்றுக் கல்லில் ஈரத்தை வைத்துப் பார்த்தார். அந்த மட்டத்தில், சக்‌ஷன் பைப்பின் ஒரு ஜாயின்ட் தண்ணீரிலிருந்து தலைகாட்டியது. அங்கே வாசர் போயிருந்தது. தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை அந்த ஓட்டை வழியாகவும் தண்ணீரைத்தான் இழுக்கும், யாருக்கும் தெரியாது. தண்ணீர் இறங்கி ஜாயின்ட் வெளியே வந்ததும் காற்றை இழுக்கும், கதை முடிந்தது. ராத்திரி ஊறி மட்டம் ஏறினால் காலையில் எல்லாம் சரி. ஒரு ரப்பர் வாசர், ஒரு டீ, ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்தது. "எப்படிங்ணா?" என்று கேட்டதற்கு, "தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தேன் தம்பி, வேறென்ன" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது.

ஹை பிட்டிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், பிஸ்டன் இறுக்கமாக இருக்கிறதா, சங்கிலி சரியா, வால்வு சரியா என்று. ஸ்டீபன்சன் பச்சைத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போனார், அது எங்கிருந்து, என்ன உயரத்திலிருந்து, எவ்வளவு பெரிய ஓட்டை வழியாக வருகிறது என்று. கப்பியில் கயிறு எங்கே உரசுகிறது என்று பார்த்ததும், மணல் எங்கே தங்குகிறது என்று பார்த்ததும் இதே கண்தான்.

ஆனால் இந்தக் கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1812-ல் அதே வட்டாரத்தில் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் செத்தார்கள், அதில் சின்னப் பையன்களும் உண்டு. வெடிக்காத விளக்கு ஒன்று வேண்டும் என்று லண்டனில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆராய்ச்சி செய்தார், கில்லிங்வொர்த்தில் ஸ்டீபன்சன் தன்பாட்டுக்குச் செய்தார். 1815 அக்டோபர் 21 அன்று, பாறை வெடிப்பிலிருந்து வாயு சீறிக்கொண்டிருந்த இடத்துக்குத் தன் விளக்கை ஏற்றிக் கையில் பிடித்தபடி தானே நடந்து போனார், கூட வந்தவர்கள் தள்ளியே நின்றுவிட்டார்கள். விளக்கு வெடிக்கவில்லை. ஆனால் ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் முழுக்கச் சரியில்லை. எரிந்துபோன காற்று மேலே திரண்டு நிற்பதும், கீழே சின்னத் துளைகள் வழியாக வரும் காற்றின் வேகமும் தீயை வெளியே விடாது என்று நினைத்தார். உண்மையில் குறுகலான உலோகத் துளைகள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால்தான் தீ அவற்றைத் தாண்டிப் போக முடிவதில்லை. கருவி சரி, காரணம் அரைகுறை. டேவிக்கு 2,000 பவுண்டு பரிசு, இவருக்கு 100 கினி, அதாவது 105 பவுண்டு. படிக்காத சுரங்கக்காரன் திருடியிருப்பான் என்றுகூடப் பேச்சு கிளம்ப, நியூகாசில்காரர்கள் கொதித்துப் போய்த் தாங்களே 1,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். காரணத்தை அழகாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரை உலகம் நம்புகிறது, அது முழுக்க அநியாயம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்தால்தான் அடுத்த விளக்கை இன்னும் நன்றாகச் செய்ய முடியும்.

பத்து வருஷம் கழித்து லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதைக்கு அனுமதி கேட்டு நாடாளுமன்றக் குழு முன்னால் நின்றபோது இன்னும் மோசம். 1825 ஏப்ரலில் ஆல்டர்சன் என்ற வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணையில் பிய்த்து எடுத்துவிட்டார். நிலமட்டம் அளந்ததில் நிறையப் பிழை, உதவியாளர்கள் எடுத்த அளவை இவர் சரிபார்க்காமல் விட்டிருந்தார், நிலச்சுவான்தார்கள் அளக்கவே விடாமல் துரத்தியது வேறு. கேட்ட கேள்விக்கு இவருடைய வடக்கத்திப் பேச்சில் வந்த பதில் புரியாமல், நீர் வெளிநாட்டுக்காரரா என்று ஒருவர் கேட்டாராம். மசோதா தோற்றது. எஞ்சின் முன்னால் நின்றால் எந்த அதிகாரிக்கும் பயப்படாதவர், தாளும் எண்ணும் சரியாக இருக்க வேண்டிய இடத்தில் தடுமாறிவிட்டார். மறுவருஷம் வேறொருவர் எடுத்த அளவுகளோடு மசோதா நிறைவேறியது, கட்டுவதற்குத் திரும்பவும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்தின் மேல் புதர்க்குச்சிகளையும் செடிகளையும் தட்டியாகப் பின்னிப் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்கவிட்டுக் கடந்தார். 1830-ல் ரயில் ஓடியது.

தன்னிடம் என்ன இல்லை என்று அவருக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் மகன் விஷயத்தில் அப்படி ஒரு பிடிவாதம். ராத்திரி கண்விழித்து அக்கம்பக்கத்தார் கடிகாரங்களை ரிப்பேர் செய்து சேர்த்த காசில் ராபர்ட்டை நியூகாசிலில் நல்ல பள்ளிக்கு அனுப்பினார், பையன் கழுதை மேல் போய்வருவான். அங்கே ஒரு நூலகத்தில் இருக்கும் அறிவியல் புத்தகங்களைப் படித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவர முடியாததைக் குறிப்பெடுத்தும் படம் வரைந்தும் வந்து, ராத்திரி அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டும். பின்னாளில் ஆறு மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். படிப்பு வீண் என்று இவரை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

கில்லிங்வொர்த்தில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் ஒரு சூரியக் கடிகாரம் செய்து பதித்தார்கள், தேதி 1816 ஆகஸ்ட் 11. வானியல் புத்தகத்தில் இருந்த முறையை எடுத்து, தங்கள் ஊர் அட்சரேகைக்குத் தகுந்தபடி கணக்கை மாற்றித் தாளில் வரைந்தது பன்னிரண்டு வயது ராபர்ட். அப்புறம் இருவரும் சேர்ந்து கல்லை வெட்டி, செதுக்கி, மெருகேற்றி மாட்டினார்கள். 1838-ல் நியூகாசிலில் பெரிய அறிவியல் மாநாடு கூடியபோது, அதற்குள் நாடே அறிந்த பெரிய மனிதராகிவிட்ட ஸ்டீபன்சன் வந்தவர்களில் சிலரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டியிருக்கிறார். கணக்குப் போட்டது என் பையன் என்று கட்டாயம் சொல்லியிருப்பார்.